பேர்க்கூலி

கார்த்திகை மழை மூன்று நாளாக விட்டபாடில்லை. வீரபாகுவின் வீட்டுத் தறிக்குழியில் முழங்காலளவு தண்ணீர் ஊறி நின்றது. நெசவாளி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு மிதிக்க வேண்டிய குழி அது. அவர் மனைவி இந்திராணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் குவளையால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பத்து வாளி இறைத்தால் ஐந்து வாளி திரும்ப ஊறியது. காஞ்சிபுரத்தில் குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். அடைமழைக் காலத்தில் நெசவு கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி.

அந்தச் சங்கதி நெசவாளர் சங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, சங்கச் செயலாளர் பூவராகவன் வாசலில் வந்து நின்றார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவி, அதிலிருந்து, நெய்த புடவைகளைப் பதியும் வீரபாகுவின் சங்கப் பாஸ்புக்கை எடுத்து நீட்டினார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்கண்ணே. இந்த மாசத்துக்கு ரெண்டு புடவை. சீக்கிரம், இன்னும் பதினாறு வூடு போவணும்."

வீரபாகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். உள்ளேயிருந்து இந்திராணியின் குரல் வந்தது.

"இன்னா கலருங்க சார், நாங்க நெஞ்ச புடவை?"

நெய்யாத புடவைக்கு நிறம் கேட்டதும் பூவராகவன் சிரித்தார். "வாடாமல்லி ஒண்ணு, கிளிப்பச்சை ஒண்ணும்மா."

"பரவாயில்லையே! தண்ணிக்குள்ள முங்கிக்கினு நெஞ்சிருக்கோம். சாயம் போவாம இருந்தா சரி."

வீரபாகு தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டு முடித்தார். பூவராகவன் பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வரை தாண்டவராயன் தெருவில் நாற்பது தறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பட்டுக்குக் கிராக்கி குறையவில்லை. முகூர்த்த நாளில் பட்டுக்கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. சங்கம், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் கொடுக்கும். நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். இதில் பூவராகவனுக்கு ஒரு யோசனை உதித்தது. வெளியூரில் மெஷின் தறியில் மூன்றே நாளில் இறங்கும் புடவையைக் கொண்டுவந்து, கைத்தறி என்று சங்க முத்திரை குத்தி விற்றால் யார் கேட்பார்கள்? ஆனால் முத்திரை குத்துவதற்கு ஒரு நெசவாளியின் பெயர் வேண்டும், அவருடைய பாஸ்புக்கில் பதிவு வேண்டும், கையெழுத்தும் வேண்டும்.

"பாவு வர லேட்டாவுதுண்ணே. அதுவரைக்கும் சும்மா உங்க பேரை மட்டும் குடுங்க. புடவைக்கு இவ்ளோன்னு கையில குடுத்துடறேன். உடம்பு நோவாம வருது, வேணாம்னு சொல்லுவீங்களா?" என்று வீடு வீடாக வந்து குழைந்தார்.

நெய்தால் கிடைக்கும் கூலியில் அது கால் பங்கு. தெருவில் அதற்குப் பேர்க்கூலி என்று பெயர் வைத்தார்கள். நாற்பது வீடுகளில் இருபத்தொன்பது வீடுகள் பெயரைக் கொடுத்தன. வீரபாகுவும் கொடுத்தார். ஐம்பத்து மூன்று வயது, இடுப்பு வலி, முழங்கால் வலி. யார் குடியைக் கெடுத்தோம், நம் பெயரைத்தானே கொடுக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வரவேண்டிய பாவு வரவேயில்லை. உட்கார்ந்த இடத்தில் காசு வந்துகொண்டிருந்ததால் அவரும் அதைக் கேட்கவில்லை.

யாருக்கு நஷ்டம் என்று அவர் நினைத்துப் பார்த்திருந்தால் விடை அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கோர்வைப் புடவையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இந்தப் பக்கத்துக் கரைக்கு அவர் நாடாவை, அதாவது ஊடு நூல் சுற்றிய கட்டையை, ஓட்டினால், அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த இன்னொருவர் இந்திராணி. தறிக்கு ஒரு நெசவாளி என்பதுதான் சங்கத்தின் கணக்கு, ஆகவே அவள் பெயர் எந்தப் பாஸ்புக்கிலும் ஏறியதில்லை. அவளுக்கு வேலை போனதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இப்போது அவள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தூங்குகிறாள்.

அவளோடு முடியவில்லை. பட்டு நூலைச் சுற்றிக் கொடுத்த பெண்கள், விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டவர்கள், சாயம் தோய்த்தவர்கள், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தவர்கள் என்று ஒரு புடவைக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேரின் கை இருக்கிறது. புடவை பாஸ்புக்கில் நின்றது, ஆட்கள் கலைந்து போனார்கள். சிலர் கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போனார்கள், சிலர் வீட்டில் சும்மா இருந்தார்கள். தெருமுனை டீக்கடையில் இரண்டு அடுப்பில் ஒன்று அணைந்தது. ஆனால் முன்பு தறிக்கு மாதம் ஒரு புடவை இறங்கிய இடத்தில் இப்போது பெயருக்கு இரண்டு ஏறியதால், சங்கத்தின் வருஷ அறிக்கையில் தாண்டவராயன் தெருவின் உற்பத்தி ஒன்றரை மடங்காக ஏறியிருந்தது. காகிதத்துக்கு இடுப்பு வலிக்குமா, மழைதான் பெய்யுமா?

பெயர் கொடுக்காத பதினோரு பேரில் ஒருவன் குமரகுரு. வீரபாகுவுக்கு அடுத்த வீடு. முப்பத்து நான்கு வயது. அவனும் அவன் மனைவி கீர்த்தியும் சேர்ந்து உட்கார்ந்தால், மற்றவர்களுக்கு ஒரு மாதம் ஆகும் கோர்வைப் புடவை பதினைந்து நாளில் இறங்கிவிடும். "நெய்யாத புடவைக்கு என் பேரு எதுக்கு சார்? பாவு குடுங்க, நெஞ்சு தர்றேன்" என்று பூவராகவனிடம் முகத்துக்கு நேரே சொன்னவன். அதற்குப் பிறகு அவனுக்குச் சங்கத்திலிருந்து ஒரு பாவுகூட வரவில்லை. தனியார் முதலாளிகளிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கி நெய்து காலத்தை ஓட்டினான்.

அந்தக் குமரகுரு ஒருநாள் ஒரு அறிவிப்பை எடுத்துக்கொண்டு வந்தான். வேலை குறைந்துபோன தெருக்களுக்கு அரசாங்கம் பொது நெசவுக்கூடம் கட்டித் தரப்போகிறதாம். மேட்டுத் தரையில் நாற்பது தறி, மழைத் தண்ணீர் ஏறாது. உள்ளே நெய்பவர்களுக்கு வருஷம் முழுக்கத் தடையில்லாமல் பாவும் பட்டும். நூல் சுற்றுபவர்களுக்கும் பாவு பிணைப்பவர்களுக்கும் அங்கேயே இடம்.

"நம்ம தெருவுக்கு இது கெடைச்சிடுச்சுன்னா போதும் மாமா. பூவராகவன் சாரை எதிர்பார்த்துக்கினு குந்தியிருக்க வேணாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டா மனு குடுத்துடலாம்."

வீரபாகு போட்டார். கையெழுத்துப் போடுவது அவருக்கு இப்போது கைவந்த தொழிலாகியிருந்தது. ஆனால் இந்தக் கையெழுத்தை அவர் மனதாரத்தான் போட்டார். இந்திராணி அந்த மனுவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தக் கூடத்துல வூட்டுப் பொம்பளைங்களையும் சேர்த்துப்பாங்களா குரு?" என்று கேட்டாள். ஒவ்வொரு தறிக்கும் இரண்டு பேர் பெயர் எழுதுவார்கள் என்று அவன் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை வீரபாகு பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

மார்கழி மாதம் கைத்தறித் துறையிலிருந்து ரேவதி என்ற அதிகாரி வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், அதட்டாமல் பேசுகிறவர். சங்கக் கட்டடத்தில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. பூவராகவன் அவருக்கு நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து, பதிவேடுகளை மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

ரேவதி நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். "உங்க மனுவைப் படிச்சேன். வேலை இல்லாத தெருவுக்குத்தான் இந்தக் கூடம். ஆனா இந்தத் தெருவோட உற்பத்தி போன வருஷத்தை விட ஒன்றரை மடங்கு கூடியிருக்கே. இருபத்தொன்பது தறி நிக்காம ஓடுது. உற்பத்தி ஏறியிருந்தா வேலையும் ஏறியிருக்குன்னுதானே அர்த்தம்?"

குமரகுரு எழுந்தான். "மேடம், ஒரு நடை தெருவுக்குள்ள வந்து பாருங்க. எந்த வூட்டுத் தறிக்குழியிலயும் சேறு இன்னும் காயல. கார்த்திகையில இங்க ஒருத்தரும் நெய்யல. நெஞ்சேன்னு யாராவது சொல்லட்டும், கேளுங்க."

ரேவதி ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வீரபாகுங்கறது யாரு? உங்க பேர்ல கார்த்திகை மாசத்துக்கு ரெண்டு புடவை இருக்கு. நீங்க நெய்தீங்களாய்யா?"

வீரபாகு எழுந்து நின்றார். பூவராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை. ஆனால் பேர்க்கூலி வாங்கிய இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், உறுப்பினர் அட்டை போகும், போலீஸ்கூட வரலாம். பக்கத்தில் நின்றவன் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தான்.

"நெஞ்சேம்மா," என்றார்.

குமரகுரு அவரைத் திரும்பிப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. நெசவுக்கூடம் வேறு ஊருக்குப் போயிற்று.

அன்று மாலை இந்திராணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மண்டபத்து வேலைக்குப் போயிருந்ததால் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. தெருவில் நுழைந்ததுமே காதில் விழுந்திருந்தது.

"நீங்க நெஞ்சீங்கன்னா, பக்கத்துல குந்திக்கினு அந்தக் கரையைப் போட்டது யாருங்க? அதையும் அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

வீரபாகு தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

பூவராகவன் அத்தோடு விடவில்லை. அதிகாரி வந்து புரட்டியபோது, பெயர் கொடுக்காத பதினோரு பேரின் பக்கங்கள் வெறுமையாக இருந்தது அவர் கண்ணை உறுத்தியது. அடுத்த முறை யாராவது அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால்? அந்தப் பதினொன்றையும் அவரே நிரப்பினார். குமரகுருவின் பக்கத்திலும் மாதத்துக்கு இரண்டு புடவை ஏறியது. கையெழுத்தையும் அவரே போட்டுக்கொண்டார். இது குமரகுருவுக்குத் தெரியாது. நாற்பது தறியும் முழுமூச்சாக ஓடும் தெரு என்று காகிதத்தில் தாண்டவராயன் தெரு ஜொலித்தது.

பொங்கல் கழிந்ததும் குமரகுரு தறியைக் கட்டிவைத்துவிட்டு வெளிவேலைக்குக் கிளம்பினான். ஒரகடம் பக்கம் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பட்டறை. கான்ட்ராக்டரின் வேன் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேலைக்குச் சேர்ந்ததற்கு எழுத்து எதுவும் கிடையாது. போன மாதம் நின்றுபோன யாரோ ஒருவருடைய கேட் பாஸை அவன் கையில் கொடுத்து, "கேட்ல கேட்டா இந்தப் பேரைச் சொல்லு" என்றார்கள். தன் பெயரை விற்க மாட்டேன் என்றவன், அடுத்தவன் பெயரில் உள்ளே போனான். அங்கேயும் உற்பத்தியை ஏற்றச் சொல்லி நெருக்கினார்கள். இரண்டு பேர் நிற்க வேண்டிய பிரஸ் மெஷினில் ஒருவனை நிறுத்தினார்கள். தகட்டை வைக்க ஒருவன், மெஷினை இயக்க ஒருவன் என்று இருந்தது போய், இரண்டையும் அவனே செய்தான். பழக்கிக் கொடுக்கவும் யாருமில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் கீர்த்தி தெருவில் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வீரபாகுவும் இந்திராணியும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குமரகுருவின் வலது கையில் நடு மூன்று விரல்கள் இல்லை. கட்டுக்கு மேலே ரத்தம் கசிந்திருந்தது. அவன் மயக்கம் தெளிந்து, வீரபாகுவைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

"மாமா, கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தா நாடாவைப் புடிக்க முடியுமா?"

முடியாது என்பது இருவருக்கும் தெரியும். வீரபாகு வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். அன்றைக்கு ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் இவன் அந்த மெஷினுக்கு முன்னால் நின்றிருக்க மாட்டானே என்று தன்னையே நொந்துகொண்டார்.

துயரம் அங்கே நிற்கவில்லை. கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே செய்யவில்லை, பெயரைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். கீர்த்தி நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தபோது காட்டிய அடையாள அட்டை நெசவாளர் அட்டை. அதைப் பார்த்த அலுவலகத்தார், இவர் அந்த நாட்களில் நெசவு செய்துகொண்டிருந்தாரா என்று கைத்தறித் துறைக்கு எழுதிக் கேட்டார்கள். பதிவேட்டில் பதில் தயாராக இருந்தது. தை மாதம் இரண்டு புடவை. விரல் போன அன்று குமரகுரு தாண்டவராயன் தெருவில் தன் வீட்டில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருந்தான் என்று காகிதம் சொன்னது.

கீர்த்தி அந்தச் செய்தியோடு வீரபாகுவின் வீட்டுக்கு வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"வேலை செஞ்ச எடத்துல அவர் பேரு இல்ல மாமா. பேரு இருக்கற எடத்துல அவருக்கு வேலை இல்ல. நாங்க எங்க போயி நியாயம் கேக்கறது? அன்னைக்கு அவரு வூட்லதான் நெஞ்சுக்கினு இருந்தாருன்னு ரேவதி மேடம் நாளைக்கு சர்டிபிகேட் எழுதப் போறாங்களாம். இந்தப் பதிவெல்லாம் பொய்யின்னு சங்கத்து ஆளு ஒருத்தராவது வந்து எழுதிக் குடுத்தாதான் நிறுத்துவாங்களாம். பத்து வூடு ஏறி எறங்கிட்டேன். ஒருத்தரும் வரல."

அவள் போன சிறிது நேரத்துக்கெல்லாம் பூவராகவன் வந்தார். இந்த முறை பை இல்லை, சிரிப்பும் இல்லை.

"அண்ணே, பாவம்தான், நான் இல்லைங்கல. பையனுக்கு சங்கத்து மூலமா ஏதாவது பாத்துச் செய்யலாம். ஆனா நீங்க போயி வாயைத் தொறந்தீங்கன்னா உங்களோட போவாது. இருபத்தொம்பது குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும். அவங்க உங்களைச் சும்மா வுடுவாங்களா? யோசிச்சுக்கங்க."

"நடுத்தெருவுக்கு வந்து ஒன்றரை வருஷமாச்சு சார்," என்றாள் இந்திராணி. புண்ணான கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னா, உங்களுக்குத் தெரியலியா?"

பூவராகவன் வீரபாகுவை ஒருமுறை முறைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை தாண்டியதும் இந்திராணி கணவனிடம் திரும்பினாள்.

"நாளைக்கு நீங்க போவலைன்னா நான் போறேன். என் பேரு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல, நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. ஆனாலும் போவேன்."

மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கைத்தறித் துறை அலுவலகத்தில், ரேவதியின் மேஜைக்கு முன்னால் வீரபாகுவும் இந்திராணியும் கீர்த்தியும் நின்றார்கள். கீர்த்தி கொஞ்சம் தள்ளியே நின்றாள். வீரபாகு அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. வரும் வழியில் பேர்க்கூலிக்காரர்கள் இரண்டு பேர் அவரை மறித்துத் திட்டியிருந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்திருந்தான். ஒரு பொத்தான் அறுந்து தொங்கியது.

"அம்மா, நான் வீரபாகு. மார்கழி மாசக் கூட்டத்துல நெஞ்சேன்னு சொன்னவன். நான் சொன்னது பொய்யிம்மா. ஒன்றரை வருஷமா நான் ஒரு விரக்கடைகூட நெய்யல. என் பேர்ல இருக்கறது அத்தனையும் மெஷின் தறிப் புடவை. எங்க தெருவுல இருபத்தொம்பது வூட்டுலயும் இதே கதைதான். குரு பேரைத் தர மாட்டேன்னுட்டான். அவன் பேர்ல இருக்கறது அவன் போட்ட கையெழுத்தே இல்ல. அவன் பட்டறையிலதான் இருந்தான். நான் எங்க வேணும்னாலும் எழுதிக் குடுக்கறேன்."

ரேவதி பேனாவை மூடிவைத்தார்.

"இதை எழுதிக் கொடுத்தா உங்க மேலயும் நடவடிக்கை வரும்யா. வாங்கின காசைத் திருப்பிக் கட்டணும். உறுப்பினர் அட்டையை ரத்து பண்ணுவாங்க."

"வரட்டும்மா."

"அன்னைக்கு நான் அத்தனை பேர் முன்னால கேட்டேனே. அப்பவே சொல்லியிருந்தா அந்தக் கூடம் உங்களுக்குத்தான் வந்திருக்கும். இப்ப வேற ஊர்ல கட்டட வேலையே ஆரம்பிச்சிடுச்சு. நான் என்ன செய்ய முடியும்?"

வீரபாகு காகிதத்தை வாங்கி, மேஜையின் ஓரத்தில் வைத்து எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நான் பொய் சொன்னேன், அதுக்கு எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. ஆனா நீங்களும் புடவையை மட்டும்தான் எண்ணுனீங்க. இத்தினி புடவை வந்துது, அதனால ஊரு நல்லா இருக்குதுன்னு எழுதிக்கினீங்க. அந்தப் புடவைக்கு எத்தினி பேரு வேலை செஞ்சாங்க, யார் வூட்ல சோறு வெந்துதுன்னு ஒருத்தரும் வந்து பாக்கல. உற்பத்தி ஏறுனா வேலையும் தானா ஏறிடாதும்மா. இனிமேலாவது எந்தத் தெருவுக்குப் போனாலும் புடவையை எண்ணறதுக்கு முன்னாடி ஆளை எண்ணுங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்களையும் சேர்த்து எண்ணுங்க."

ரேவதி தலையசைத்தார். எழுதி முடித்த காகிதத்தை வாங்கி, தேதியிட்டு, கோப்பில் வைத்தார். குமரகுருவின் சான்றிதழை நிறுத்திவைப்பதாகவும், சங்கத்தின் பதிவேடு முழுவதையும் விசாரணைக்கு எடுப்பதாகவும் சொன்னார். நஷ்டஈட்டு வழக்கு எப்போது முடியும் என்று கீர்த்தி கேட்டதற்கு, வருஷக்கணக்காகலாம் என்றார்.

மூவரும் படியிறங்கி வெளியே வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. வீரபாகு முதல்முறையாகக் கீர்த்தியின் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சுடும்மா" என்றார்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"நீங்க உள்ள சொன்னது அத்தனையும் சரி மாமா. ஆபீசருங்க புடவையை எண்ணுனாங்க, ஆளை எண்ணல, சரி. ஆனா அவங்க எண்ணறதுக்குப் பேரைக் குடுத்தது யாரு? செய்யாத வேலைக்குப் பேரைக் குடுக்கறவன் தன் வேலையை மட்டும் விக்கல, பக்கத்து வூட்டுக்காரன் வேலையையும் சேர்த்து வித்துடறான். மன்னிப்பு நான் குடுத்துடுவேன். விரலை யாரு குடுப்பாங்க?"